போர்வை கிழிந்தால் போகலாம்

கையால் தைத்த போர்வை நிறைய வருஷம் உழைக்க என்ன செய்ய வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் அதை யாரும் போர்த்திக்கொள்ளக் கூடாது என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை. ஊர் பேர் தெரியாதவர்கள் போர்த்திவிட்டுப் போன போர்வைகளைத் துவைப்பதிலும் ஒட்டுப் போடுவதிலும் என் இளவயதில் பாதி கழிந்தது. மீதிப் பாதி, அவை எப்போது கிழியும் என்று காத்திருந்ததில் கழிந்தது.

கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். வீடு கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் இருந்தது. முன்வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு தெரியும், அவ்வளவு குறுகல். கார்த்திகையில் கோயிலில் கொடி ஏறிவிட்டால் அந்தத் தெருவில் எல்லா வீடும் சத்திரம்தான். எங்கள் வீட்டில் கூடத்திலும், மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை போட்டும் ஆட்களைத் தங்க வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பாய், ஒரு போர்வை, சொற்ப வாடகை. மாமனார் தொடங்கி வைத்தது இது. மலையைப் பார்க்க வந்தவன் குளிரில் நடுங்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதமாம். நான் வரும்போது அவர் இல்லை. அவருடைய பிடிவாதமும் முப்பது நாற்பது போர்வைகளும் இருந்தன.

அவை கடையில் வாங்கின கம்பளி இல்லை. பழைய நூல் புடவைகளை நாலைந்து அடுக்காக விரித்து, ஓட்டுத் தையலில் சேர்த்துத் தைத்தவை. சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அதைத் தெலுங்கில் ‘பொந்த’ என்பார்கள். அத்தனையையும் தைத்தது என் மாமியார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். தெருவில் யார் வீட்டில் புடவை நைந்தாலும் அத்தையிடம் வந்துவிடும். புதுப் புடவையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நூறு தடவை துவைத்து, இனிமேல் சுருங்க மிச்சம் எதுவும் இல்லை என்று ஆன துணிதான் போர்வைக்கு ஆகும் என்பார். ஒரு அடுக்கு சுருங்கி இன்னொரு அடுக்கு சுருங்காவிட்டால் தையல் இழுத்து, போர்வை ஒரே வருஷத்தில் கோணிக்கொள்ளும். நான் வந்த புதிதில் ஆசையாக ஒரு நைலக்ஸ் புடவையை மேல்துணியாகப் போட்டுத் தைத்தேன். பளபளவென்று இருந்தது. முதல் துவையலிலேயே உள்ளே இருந்த நூல் துணியெல்லாம் பந்து பந்தாகத் திரண்டு, நைலக்ஸ் மட்டும் அலுங்காமல் நின்றது. அத்தை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தையலைப் பிரித்தார். பிரித்த நூலைக்கூட எறியவில்லை.

நூல் விஷயத்திலும் அப்படித்தான். என் கணவர் அரசாங்க ஆபீஸில் கிளார்க். ஒரு முறை வேலூருக்கு வேலையாகப் போனவர், மூட்டை தைக்கிற நைலான் நூல்கண்டு ஒன்று வாங்கி வந்தார். "இது ஜென்மத்துக்கும் அறாதும்மா" என்று அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதைப் பல்லால் கடித்துப் பார்த்தார்.

"நூல் அறலாம்டா, திரும்பப் போட்டுக்கலாம். இது துணிய அறுத்துடும். அப்பால எதுல தைக்கறது?"

அந்த நூல்கண்டு கொல்லையில் கொடி கட்டப் போயிற்று. அத்தை கேட்டது சாதாரண வெள்ளைப் பருத்தி நூல், பஜாரில் சாயபு கடையில் கிடைப்பது. மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் தைப்பார். தையல் அரிசி மணி அளவுக்கு மேல் போகாது. ஓரத்தை மட்டும் இரண்டு மடிப்பாக மடிப்பார், போர்வை எப்போதும் ஓரத்தில்தான் சாக ஆரம்பிக்கும் என்று. ஆட்கள் தூக்கத்தில் இழுப்பது ஓரத்தைத்தானே.

தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் என் பாடு தொடங்கும். கார்த்திகை மாசத்து மழையில் மலையைச் சுற்றிவிட்டு வந்தவர்கள் சேற்றுக்காலோடு படுத்திருப்பார்கள். நெய், குங்குமம், வெற்றிலைச் சாறு, குழந்தைகள் செய்தது, எல்லாம் அதில் இருக்கும். கற்பூரம் சிந்திப் பொத்தலாகியிருக்கும். கல்லில் அடித்துத் துவைக்கக் கூடாது, அடுக்குகள் நகர்ந்துவிடும். சோடா போடக் கூடாது, துணி வெந்துவிடும். முறுக்கிப் பிழியவும் கூடாது, தையல் அறும். பின்னே என்னதான் செய்வது? கிணற்றடித் தொட்டியில் ஊறப்போட்டுக் காலால் மிதிக்க வேண்டும். ஒவ்வொன்றாக. நனைந்த போர்வை ஒரு ஆள் கனம் கனக்கும். அதைத் தூக்கித் தொட்டி விளிம்பில் போட்டுத் தண்ணீர் தானாக வடிகிற வரைக்கும் விட்டு, அப்புறம் மாடிக்குச் சுமந்து போய்த் தரையில் விரித்துக் காய வைக்க வேண்டும். கொடியில் போட்டால் தன் கனத்திலேயே இழுபட்டு நடுவில் நையும். கஞ்சி கூடாது, பூச்சி தேடி வரும். காய்ந்ததும் நொச்சி இலை வைத்து மடித்துப் பரணில் ஏற்ற வேண்டும். அடுத்த ஐப்பசியில் இறக்கி வெயில் காட்டி, கிழிசல் பார்த்து ஒட்டுப் போட வேண்டும்.

அத்தனையும் செய்தால் போர்வை உழைக்கும். செய்கிறவளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

எனக்கு இரண்டு பெண்கள். அவர்கள் வளர வளரத்தான் எனக்கு அந்த வீடு ஆகாமல் போயிற்று. தீபத்தின்போது எங்கே திரும்பினாலும் யாரோ ஒருவர் படுத்திருப்பார். பெண்கள் கொல்லைக்குக் குளிக்கப் போக வேண்டுமென்றால் நான் முன்னால் போய், உட்கார்ந்திருக்கும் ஆண்களை எழுப்பி அனுப்ப வேண்டும். பெரியவள் வயசுக்கு வந்த வருஷம் கார்த்திகையில், அவளைச் சமையலறைக்குள்ளேயே படுக்க வைத்துக் கதவுக்குக் குறுக்கே நான் படுத்தேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வந்தவர்கள் எல்லாம் நல்லவர்கள்தான், ஒரு தப்பும் நடந்ததில்லை. ஆனால் நடக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதானே.

ஊருக்கு வெளியே வேங்கிக்கால் பக்கம் மனை போட்டு விற்க ஆரம்பித்தபோது என் கணவர் ஒன்று வாங்கினார். நான் நச்சரித்து வாங்க வைத்தேன் என்பதுதான் சரி. எண்பதுகளின் நடுவில் அதில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் எழும்பின. எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருந்தது. நான்தான் நின்று வைக்கச் சொன்னேன். கிரகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சிவிட்டு, பெண்கள் இருவரும் அறைக்கு அறை ஓடித் தாழ்ப்பாள் போட்டும் திறந்தும் விளையாடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை முடியாது என்று சொல்லவில்லை. அன்று சாயங்காலம் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்தப் போர்வைங்க இருக்கற வரைக்கும் வர்றவங்கள இல்லன்னு திருப்ப முடியாது. உங்க மாமா வெச்சிட்டுப் போனது. எல்லாம் கிழிஞ்சி ஆகாதுன்னு ஆயிடுச்சின்னா, புதுசு தைக்க வேணாம். எல்லாருமா கெளம்பிடலாம்."

"எதுனா மடத்துக்குக் குடுத்துடலாமே அத்தே" என்றேன்.

"உழைக்கறத யாரும் குடுப்பாங்களா" என்றார் அத்தை.

கணவர் பக்கம் திரும்பினேன். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் அவர். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். "பழசுங்கதானே, எம்மாம் நாளைக்கு வரும்? பாக்கலாம்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரெண்டு தீபம், மிஞ்சினால் மூணு தீபம் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கில்தான் நான் ஏமாந்தேன். ஒவ்வொரு ஐப்பசியிலும் போர்வைகளை இறக்கும்போது ஆசையோடு விரிப்பேன். ஒன்றோ இரண்டோ ஒழியும். மற்றதெல்லாம் திடமாக இருக்கும். சுற்றிலும் எதுவும் நிற்கவில்லை. பக்கத்து லாட்ஜில் வாங்கிப் போட்ட மெத்தைகளில் பஞ்சு கட்டி கட்டியாகி வெளியே எறிந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது, அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது, என் முட்டி தேய்ந்தது. போர்வைகள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பஞ்சாக மிருதுவாகிக்கொண்டு, கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டன. போதாததற்குப் பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டமும் கூட ஆரம்பித்தது. வருஷத்துக்கு ஒரு தடவை இருந்த துவையல், பத்துப் போர்வைக்காவது மாசா மாசம் என்று ஆனது.

அத்தைக்குக் கண் மங்கியதும் ஒட்டுப் போடுகிற வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. ஆபரேஷன் என்றாலே பயந்து, ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பி வந்துவிட்டார். நான் பெரிய கிழிசலைத் தைத்தேன். சின்னதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மடித்து வைத்தேன். வேண்டுமென்றேதான். எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. சின்னக் கிழிசல் ஒரு வருஷத்தில் பெரிய கிழிசலாகும், பெரியது இன்னொரு வருஷத்தில் ஆகாது என்று கழியும், நான் என் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

ஆனால் சின்னது பெரிதாகவில்லை. ஒரு வருஷம் மாம்பழ நிறத்துப் போர்வை ஒன்றில் கற்பூரம் சுட்ட ஓட்டை ஒன்று இருந்தது. விரல் போகும். அதை அப்படியே பரணில் ஏற்றியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மறுவருஷம் இறக்கிப் பார்த்தால் அந்த இடத்தில் பழுப்புத் துணியில் ஒட்டு இருந்தது. கணவரிடம் காட்டினேன்.

"நீதான் போட்டிருப்ப. மறந்திருப்ப" என்றார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

இருக்கலாம் என்றே நினைத்தேன். சாம்பாரில் உப்புப் போட்டேனா என்பதே மறந்துபோகிற நாட்கள் அவை. தூங்கப் போகும்போது கையில் ஊசி இருக்கிற மாதிரி விரல்கள் தாமாக அசையும். அத்தனை களைப்பில் நான் எதைத் தைத்தேன், எதை விட்டேன் என்று யாருக்குத் தெரியும்? என் கையே எனக்கு விரோதி என்று நொந்துகொண்டேன்.

மாசம் ஒரு முறை வேங்கிக்கால் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு வருவேன். பூட்டியே கிடந்தால் வீடு கெட்டுவிடும் என்று சாக்கு. உண்மையில் அங்கே போய்ச் சமையலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தரையில் படுத்திருப்பேன். ஒரு நாள் பஸ்ஸுக்காக வெயிலில் நின்று நின்று, வராததால் பாதியிலேயே வீடு திரும்பினேன். பெண்கள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வீடு திறந்து கிடந்தது. கொல்லைப்பக்கம் போனால், கதவோரம் வெளிச்சத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு போர்வை. இடது கையால் துணியைத் தடவித் தடவிக் கிழிசலின் ஓரத்தைக் கண்டுபிடித்து, வலது கையால் தைத்துக்கொண்டிருந்தார். கண் எங்கேயோ கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. தையல் அரிசி மணிக்கு மேல் போகவில்லை.

காலடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது.

"யாரு, பால்காரம்மாவா?"

"நான்தான் அத்தே."

அத்தை போர்வையை மறைக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய போர்வையை எங்கே மறைப்பது? புடவைத் தலைப்பை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டார். சின்னப்பிள்ளை மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அன்றைக்கு அதற்கும் தெம்பு இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"எத்தினி வருஷமா?"

"உனக்கு வேலை ஜாஸ்தியாச்சேன்னு..." என்று ஆரம்பித்தார். அப்புறம் அதை விட்டுவிட்டார். "அங்க வந்து நான் இன்னாம்மா பண்ணப் போறேன்? நாலு செவுத்தத் தடவிக்கினு ஒக்காந்திருக்கணும். இங்கன்னா தீபத்துக்குத் தீபம், பெரியம்மா நல்லா கீறியான்னு கேட்டுக்கினு வர்றாங்க. குரல வெச்சி யாரு இன்னாருன்னு நான் சொல்லுவேன். அது ஒண்ணுதான் எனக்குக் கீது."

எனக்கு அவர்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. என் பெண்களை நினைத்தபோது அந்தப் பரிதாபம் போதவும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அத்தையின் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தேன். பழைய காலண்டர் அட்டை. அதில் வரிசையாக ஊசிகள் குத்தியிருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை நூல் கோத்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, நுனியில் முடிச்சுப் போட்டிருந்தது. நாள் முழுக்கத் தைக்கப் போதும். அத்தையால் துணியைத் தடவித் தைக்க முடியும். ஊசிக் காதைத் தடவி நூல் கோக்க முடியாது.

"இதெல்லாம் யாரு கோத்தது அத்தே?"

அத்தை அட்டையைத் தடவித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் மறுபடியும் கேட்டேன்.

"அவன்தாம்மா" என்றார். "ஆபீஸ் போறதுக்கு முன்ன கோத்து வெச்சிட்டுப் போவான். கிழிசல் இருக்கறதயும் அவன்தான் பாத்து எடுத்துக் குடுப்பான். நான் கேக்கலம்மா. அவனாத்தான் செய்யறான். உங்கிட்ட சொல்லாதன்னான்."

ஆபீஸுக்கு நேரமாகிறது, சாப்பாடு கட்டிவிட்டாயா என்று அவர் குரல் கொடுக்க, நான் சமையலறையில் நெருப்போடு போராடிக்கொண்டிருக்கும்போது, அவர் கொல்லைக் கதவோரம் நின்று ஊசி கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனையோ காலையில் நின்றிருக்க வேண்டும். ஒட்டைக் காட்டிக் கேட்டபோது, நீதான் மறந்திருப்பாய் என்றவர். நானும் என் மூளை குழம்பிவிட்டது என்று நம்பினவள்.

அம்மாவை விட்டுப் போக மனசில்லை என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, சமையலறைக் கதவுக்காவது ஒரு தாழ்ப்பாள் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு சரி என்றிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவே இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஊசி கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் போர்வைகள் உழைத்தது பருத்தி நூலாலும் இல்லை, ஓரம் மடித்ததாலும் இல்லை.

சாயங்காலம் அவர் வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"நாளைலேர்ந்து அத்தைக்கு ஊசி நானே கோத்துத் தர்றேங்க" என்றேன். "நீங்க நேரத்துக்கு ஆபீஸுக்குக் கெளம்புங்க."

பொத்தானில் இருந்த கை அப்படியே நின்றது. அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வேங்கிக்கால் வீட்ட வாடகைக்குத் தருவீங்களான்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுனு இருக்காரு. அவருக்கும் ரெண்டு பொண்ணுங்க."

"குடுத்துடுங்க" என்றேன்.